கரடி விடுதல்

பண்ருட்டிக்குக் கரடி வந்ததில்லை.
எங்கள் ஊரில் அது ஒரு பேச்சு மட்டும்தான்.
பொய் சொன்னால் "கரடி விடாதே."
நேரம் கெட்ட நேரத்தில் நுழைந்தால் "சிவபூஜையில் கரடி."
அப்புறம், பயந்த பிள்ளைக்குக் கட்டும்
தாயத்துக்குள் நாலு கறுப்பு மயிர்.
அதுவும் ஆட்டு மயிர்தான் என்பார்கள்.

நான் பார்த்திருக்கிறேன் என்றால்
பலா மண்டி டீக்கடையில் சிரிப்பு வரும்.
வரட்டும்.

சித்திரைக் கடைசி. லாரி நிறையப் பலா,
பெங்களூர் லோடு.
டோல் காசை மிச்சம் பிடிக்கக் குறுக்குப் பாதை.
பாறைக் குன்றுகளுக்கு நடுவே
பின்சக்கரம் போயிற்று. இரவு இரண்டரை.
கலியவரதன் அண்ணன் ஜாக்கி போட்டுக் குந்தினார்,
நான் டார்ச் பிடித்தேன்.
கீழ் அடுக்கில் இரண்டு காய் வெடித்திருந்தது.
எங்கள் மூக்குக்கு மரத்துப்போன அந்த வாசனை
குன்றின் மேலே ஏறிப்போய்
யாரையோ எழுப்பியிருக்கிறது.

முதலில் சத்தம்.
தண்ணீர் வற்றிய கிணற்றில்
மோட்டார் காற்றை இழுக்கிற சத்தம்.
"இன்னொரு டயரும் எறங்குதுடா" என்றார் அண்ணன்.
டார்ச்சைத் திருப்பினேன்.
கறுப்பு. அதில் ஒரு வெளுத்த மூஞ்சி.
மார்பில் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வளைவு.
முதுகில் இரண்டு குட்டி,
ரேஷன் மூட்டை போல.

அதற்குக் கண் சரியாகத் தெரியாதாம்.
வனக்காவலர் பிற்பாடு சொன்னார்:
மனுசனைத் தேடி அது வராது.
கிட்டே வந்தபிறகுதான் நம்மைப் பார்க்கும்,
பார்த்ததும் நம்மைவிட அதிகமாகப் பயப்படும்,
பயந்த கரடி முகத்துக்குத்தான் பாயும்.
ஓடினால் துரத்தும்.
மரம் ஏறினால் பின்னாலேயே ஏறும்.
காட்டுவழியில் பேசிக்கொண்டே போங்கள்,
தூரத்திலேயே கேட்டால் அது விலகிக்கொள்ளும் என்றார்.

டீக்கடையில் நான் சொல்வது இது:
டார்ச்சை அதன்மேல் வீசினேன்,
கேபினுக்குள் பாய்ந்தேன்,
ஹார்னை அமுக்கினேன், குன்றெல்லாம் அதிர்ந்தது,
அண்ணனை விட்டுவிட்டு அது ஓடியே போனது.

கேபின் உண்மை.
டார்ச் தானாகக் கைநழுவியது.
கதவைச் சாத்தினேன். கண்ணாடியை ஏற்றினேன்.
ஹார்ன் ஒரு முழத் தூரத்தில் இருந்தது,
ஸ்டியரிங் நடுவில், அம்மன் ஸ்டிக்கரோடு.
அமுக்கினால் என் பக்கம் திரும்புமே என்று
இரண்டு கையையும் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டேன்.
"ராயா" என்று நாலு தடவை கூப்பிட்டார்.
ஐந்தாவது என் பெயர் மாதிரி இல்லை.

அது தானாகத்தான் போனது.
வெடித்த காயைக் கீழே இழுத்துப் போட்டு
அங்கேயே நின்று தின்றுவிட்டு,
குட்டிகளை ஏற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.
அப்புறம்தான் ஹார்ன் அடித்தேன்.
விடியும்வரை அடித்தேன்.

ஜிப்மரில் இரண்டு மாதம்.
தொடைத் தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள்.
கண் ஒன்று மிச்சம். வாசனை சுத்தமாகப் போய்விட்டது.
வண்டியைக் கழுவும்போது
இடது கதவுக் கண்ணாடியில் காய்ந்த ரத்தத்தில் ஒரு கை.
"கரடி அறைஞ்சது" என்றேன் முதலாளியிடம்.
மோதிரம் இருந்த இடம் மட்டும்
வெறும் கண்ணாடியாக இருந்தது.
துணியை நனைத்து நானேதான் துடைத்தேன்.

இப்போது அண்ணனுக்கு மண்டியில் காய் தட்டுகிற வேலை.
குச்சியால் தட்டுவார், காதை வைப்பார்.
"இது நாளைக்கு. இது வெள்ளிக்கிழமை."
தப்பினதே இல்லை.

நேற்று, கதை பாதியில்,
கணக்கு எழுதுகிற அருணகிரி சிரித்தான்:
"கரடி விடாதடா பாவாடைராயா."
பிறகு அண்ணன் பக்கம் திரும்பி,
"நெசமாவே ஹார்ன் அடிச்சானாண்ணே?"

அண்ணன் ஒரு காயில் காதை வைத்திருந்தார்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.
பிறகு அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.
"அடிச்சான்" என்றார். "இன்னும் கேக்குது."

அடுத்த காயை உருட்டி எடுத்தார்.